கணக்கில் வராத பிள்ளைகள்

மொழியும் வகுப்பறையும்: அமெரிக்கப் பள்ளிகளின் கதை – 9

சான் பிரான்சிஸ்கோவில் மேமி டேப் என்ற சீனச் சிறுமியைப் பள்ளியில் சேர்க்க மறுத்ததையும், அவளுடைய பெற்றோர் வழக்குப் போட்டு 1885-இல் வென்றதையும், வென்ற கையோடு சீனப் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளி திறந்து அவளை அங்கே அனுப்பிவிட்டதையும் சென்ற பகுதியில் பார்த்தோம். அதே ஊரில் 85 ஆண்டுகள் கழித்து, 1970-இல், இன்னொரு சீனக் குடும்பம் நீதிமன்றப் படியேறியது. இந்த முறை பள்ளியின் கதவு திறந்துதான் இருந்தது. பிள்ளை உள்ளே போய் உட்கார்ந்தும்விட்டான். ஆசிரியர் பேசியது ஒரு சொல்லும் அவனுக்கு விளங்கவில்லை.

1965-இல் அமெரிக்காவின் குடியேற்றச் சட்டம் மாறியது. நாட்டுக்கு நாடு ஒதுக்கீடு வைத்து ஆசியர்களைத் தடுத்துவந்த பழைய முறை போனது. ஹாங்காங்கிலிருந்தும் தைவானிலிருந்தும் குடும்பங்கள் வந்து சைனாடவுனில் இறங்கின. பிள்ளைகள் நேரே பொதுப்பள்ளிக்குப் போனார்கள். போகாமல் இருக்க முடியாது. ஆறு வயது முதல் பதினாறு வரை பள்ளி கட்டாயம். பாடம் ஆங்கிலத்தில் என்பது மாநிலச் சட்டம். ஆங்கிலத்தில் தேறாவிட்டால் பன்னிரண்டாம் வகுப்புப் பட்டயம் கிடையாது என்பதும் சட்டம். ஆங்கிலம் தெரியாமல் வரும் பிள்ளைக்கு அந்த ஆங்கிலத்தை யார் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று மட்டும் எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

எட்வர்ட் ஸ்டைன்மன் என்ற இளம் வழக்கறிஞர் சைனாடவுனில் ஏழைகளுக்கான சட்ட உதவி அலுவலகத்தில் இருந்தார். வீட்டு வாடகைத் தகராறு ஒன்றுக்காக அவரிடம் வந்த ஒரு தாய், பேச்சுவாக்கில் தன் மகன் கின்னி லாவுக்குப் பள்ளியில் எதுவும் புரியவில்லை என்றார். அவரைப் போலவே பல குடும்பங்கள் இருந்தன. ‘லா எதிர் நிக்கல்ஸ்’ என்ற வழக்கு அப்படித்தான் பிறந்தது. நிக்கல்ஸ் என்பவர் பள்ளிக் குழுவின் தலைவர்.

நீதிமன்றம் கணக்கெடுத்தது. ஆங்கிலம் பேசத் தெரியாத சீன மாணவர்கள் 2,856 பேர். அவர்களில் சுமார் 1,000 பேருக்குத்தான் கூடுதல் ஆங்கில வகுப்பு நடந்தது. மீதி 1,800 பேருக்கு ஒன்றுமில்லை. பள்ளி நிர்வாகம் இந்த எண்களை மறுக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே பாடம் தருகிறோம், இதில் பாகுபாடு எங்கே என்று கேட்டது. கீழ் நீதிமன்றம் அதை ஏற்றது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1973-இல் ஏற்றது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுச் சூழலால் வந்த வசதிகளோடும் குறைகளோடும்தான் பள்ளிக்கு வருகிறது, அந்தக் குறையைப் பள்ளி உண்டாக்கவில்லை, ஆகவே பள்ளி பொறுப்பல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 1,800 குழந்தைகள் நாள் முழுக்க ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பதை இப்படியும் நியாயப்படுத்த முடிந்திருக்கிறது.

இதற்கிடையில் வாஷிங்டனில் வேறொரு காரியம் சத்தமில்லாமல் நடந்திருந்தது. சுகாதாரம், கல்வி, நலத் துறையின் குடிமை உரிமைப் பிரிவுக்கு இயக்குநராக இருந்த ஸ்டான்லி பாட்டிங்கர், 1970 மே 25 அன்று பள்ளி மாவட்டங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். மிகச் சுருக்கமானது. ஆங்கிலம் தெரியாததால் பாடத்தில் பங்கெடுக்க முடியாத பிள்ளைகளுக்குப் பள்ளியே முன்வந்து வழி செய்ய வேண்டும். ஆங்கிலத் திறனை வைத்துப் பிள்ளைகளை அறிவு வளர்ச்சி குன்றியோர் வகுப்பில் போடக்கூடாது. தனிக்குழுவாக வைத்துக் கற்பித்தால், அது மேலே ஏற வழியில்லாத முட்டுச்சந்தாக இருக்கக்கூடாது. பெற்றோருக்கு அனுப்பும் அறிவிப்பு அவர்களுக்குப் புரியும் மொழியிலும் போக வேண்டும்.

இரண்டாவது கட்டளை காரணமில்லாமல் வந்ததல்ல. அதே 1970-இல் கலிபோர்னியாவில் ‘டயானா’ வழக்கு நடந்தது. ஸ்பானிஷ் பேசும் ஒன்பது பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் நுண்ணறிவுச் சோதனை வைத்து, மதிப்பெண் குறைந்தது என்று அறிவு குன்றியோர் வகுப்பில் தள்ளியிருந்தார்கள். அவர்களுடைய மொழியிலேயே மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் அந்த வகுப்பில் இருக்கவே வேண்டியதில்லை என்று தெரிந்தது. மொழி தெரியாததை மூளை இல்லாததாகக் கணக்கெழுதுவது இந்த வரலாறு நெடுகிலும் நடந்த கொடுமை. அதைப் பெயர் சொல்லித் தடுத்ததற்காகவே பாட்டிங்கரின் சுற்றறிக்கையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

1974 ஜனவரி 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் கின்னி லாவின் பக்கம் நின்றார்கள். தீர்ப்பை எழுதியவர் வில்லியம் டக்ளஸ். அரசியல் சட்டத்தின் சமத்துவப் பிரிவுக்குள் அவர் போகவே இல்லை. 1964-இன் குடிமை உரிமைச் சட்டம் போதும் என்றார். மத்திய அரசின் பணத்தை வாங்கும் எந்த அமைப்பும் இனம், நிறம், பிறந்த நாடு பார்த்து யாரையும் ஒதுக்கக்கூடாது என்பது அந்தச் சட்டம். பள்ளி அந்தப் பணத்தை வாங்குகிறது. 1970-இன் சுற்றறிக்கைக்கும் கட்டுப்பட்டது. ஆங்கிலம் புரியாத பிள்ளைக்கு மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே புத்தகத்தைக் கொடுத்துவிட்டுச் சமமாக நடத்தினேன் என்று சொல்ல முடியாது என்று டக்ளஸ் தெளிவாக எழுதினார்.

பள்ளி என்ன செய்ய வேண்டும் என்பதைத் தீர்ப்பு சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுப்பது ஒரு வழி, சீன மொழியில் பாடம் நடத்துவது இன்னொரு வழி, வேறு வழிகளும் இருக்கலாம் என்று விட்டுவிட்டது. வழக்குத் தொடுத்தவர்களே குறிப்பிட்ட வழி எதையும் கேட்டிருக்கவில்லை.

நீதிபதி ஹாரி பிளாக்மன் முடிவை ஒப்புக்கொண்டு தனியாகச் சில வரிகள் சேர்த்தார். தலைமை நீதிபதி பர்கரும் அவரோடு சேர்ந்துகொண்டார். இந்த வழக்கில் எண்ணிக்கைதான் முக்கியம். 1,800 பேருக்குப் பதில் ஒரே ஒரு பிள்ளையோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரோ வந்திருந்தால் இந்தத் தீர்ப்பைக் கட்டாயமாகக் கொள்ள மாட்டேன் என்றார். நிர்வாகத்தின் சிரமத்தை நினைத்து அவர் அப்படி எழுதியிருக்கலாம். ஆனாலும் அந்தச் சில வரிகள் பின்னால் வந்த ஐம்பது ஆண்டுகளையும் விட்டுப் போகவில்லை. எத்தனை பேர் சேர்ந்தால் பள்ளி பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வி, சட்டத்துக்குச் சட்டம் வேறு வேறு எண்ணோடு வந்துகொண்டே இருந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் சமக் கல்வி வாய்ப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் கலக்கப் பேருந்தில் ஏற்றி ஊர் மாற்றி அனுப்புவதற்கு எதிராகக் கிளம்பிய அரசியலில் உருவான சட்டம் அது. அதற்குள் ஒரு சிறு பிரிவு: மாணவர்கள் பாடத்தில் சமமாகப் பங்கெடுக்கத் தடையாக இருக்கும் மொழித் தடையை நீக்கத் தகுந்த நடவடிக்கை எடுக்காமல் விடுவதும் சம வாய்ப்பை மறுப்பதே. இத்தனை பேர் இருந்தால் என்ற நிபந்தனை அதில் இல்லை. ஒரு பிள்ளை போதும்.

ஆனால் ‘தகுந்த நடவடிக்கை’ என்றால் என்ன? 1975-இல் கல்வி ஆணையர் டெரல் பெல் வெளியிட்ட ‘லா பரிகாரங்கள்’ என்ற வழிகாட்டுக் குறிப்பு அதற்கு விடை சொல்லப் பார்த்தது. பிள்ளையின் வீட்டு மொழியைக் கண்டறியுங்கள், ஆங்கிலத் திறனை அளவிடுங்கள், தொடக்கப் பள்ளியில் தாய்மொழியிலும் கற்பியுங்கள் என்றது. இதில் வந்த எண் 20. ஒரே மொழி பேசும் இருபது பிள்ளைகளாவது இருக்கும் மாவட்டங்கள் முழுத் திட்டம் தர வேண்டும். அடுத்த ஐந்தாண்டில் ஏறக்குறைய 500 மாவட்டங்கள் இந்தக் குறிப்பின்படி அரசோடு திட்டம் பேசி ஒப்புக்கொண்டன. முறைப்படி அரசிதழில் வராத குறிப்பை வைத்து எங்களை எப்படிக் கட்டுப்படுத்தலாம் என்று அலாஸ்காவிலிருந்து ஒரு பள்ளி மாவட்டம் வழக்குப் போட்டது. அரசு முறையான விதிகளை எழுத ஒப்புக்கொண்டு, 1980-இல் கார்ட்டர் ஆட்சியின் கடைசி மாதங்களில் வரைவையும் வெளியிட்டது. எதிர்ப்பு பலமாக இருந்தது. 1981 பிப்ரவரியில் ரீகனின் கல்விச் செயலர் வரைவைத் திரும்பப் பெற்றார். அந்தச் செயலர், 1975-இல் பரிகாரங்களை வெளியிட்ட அதே டெரல் பெல்.

இனி விடையை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னது, நான்கே மாதத்தில்.

டெக்சாஸின் தென்கோடியில், ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் ரேமண்ட்வில் என்ற சிறிய ஊர். வேளாண்மையை நம்பிய வட்டாரம். பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய 85 விழுக்காட்டினர் மெக்சிக்க வம்சாவளியினர். ஆசிரியர்களில் கால் பங்கைச் சற்றுத் தாண்டும் அளவுதான் அவர்கள். ராய் காஸ்தன்யேடா என்ற தந்தை தன் பிள்ளைகளுக்காகத் தொடுத்த வழக்கில் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1981 ஜூனில் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி கரோலின் ராண்டல்.

காகிதத்தில் பார்த்தால் ரேமண்ட்வில் பள்ளிகளில் இருமொழிக் கல்வி நடந்தது. வகுப்புக்குள் போய்ப் பார்த்தால் நிலைமை வேறு. இருமொழி ஆசிரியர் என்று சான்று பெற்றவர்களில் பலர் 100 மணி நேரப் பயிற்சி முடித்தவர்கள். அந்தப் பயிற்சி தந்தது 700 சொற்கள் கொண்ட அடிப்படை ஸ்பானிஷ். பயிற்சி முடிவுத் தேர்வில் ஸ்பானிஷில் எழுத வேண்டிய பகுதிக்கு அகராதியைப் பார்த்துக்கொள்ளலாம். 700 சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளைக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லித்தர வேண்டும்! இத்தனைக்கும் அந்த ஊரில் ஸ்பானிஷ் தெரு மொழி, வீட்டு மொழி, கடை மொழி. பள்ளியில் மட்டும் அது சரிவரத் தெரிந்தவர் கிடைக்கவில்லை.

நீதிபதி ராண்டல் மூன்று கேள்விகளை வைத்தார். பள்ளி பின்பற்றும் முறை, துறை வல்லுநர்களில் சிலராவது ஏற்கும் கல்விக் கோட்பாட்டில் நிற்கிறதா? அந்தக் கோட்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவரத் தேவையான ஆசிரியர்களையும் பயிற்சியையும் பொருளையும் பள்ளி உண்மையாகவே தருகிறதா? நியாயமான காலம் நடத்திய பிறகு பிள்ளைகள் மொழித் தடையைத் தாண்டுகிறார்களா? முதல் கேள்வியில் ரேமண்ட்வில் தேறியது. இரண்டாவதில் ஆசிரியர்களின் ஸ்பானிஷ் போதாது என்று நீதிமன்றம் கண்டது. மூன்றாவதற்கு விடை காணவே வழியில்லாமல் இருந்தது. ஸ்பானிஷில் பாடம் கேட்ட பிள்ளைகளின் தேர்ச்சியை ஆங்கிலத் தேர்வால் அளந்திருந்தார்கள். அவர்கள் கற்ற மொழியிலும் அளந்து பாருங்கள் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த மூன்று கேள்விகளுக்கு மேல் இந்தத் துறையில் இன்றுவரை யாரும் சிறப்பாக எழுதிவிடவில்லை என்பது என் எண்ணம். எந்த முறை நல்லது என்ற சண்டைக்குள் நீதிபதி போகவில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்ததை ஒழுங்காகச் செய்யுங்கள், செய்ததால் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று காட்டுங்கள் என்றார். மத்திய கல்வித் துறை 1991-இல் இந்த மூன்றையும் நாடு முழுவதற்குமான தன் அளவுகோலாக எடுத்துக்கொண்டது. ஆனால் அதைப் பயன்படுத்த யாராவது புகார் கொடுக்க வேண்டும், அல்லது வழக்குப் போட வேண்டும். ஆங்கிலமே தெரியாத, பலருக்குக் குடியுரிமையும் இல்லாத பெற்றோரிடம் அதை எதிர்பார்த்தது அந்த ஏற்பாடு. பல மாநிலங்களில் இந்தப் பிள்ளைகளை ஆண்டுத் தேர்விலிருந்தே விலக்கி வைத்தார்கள். கேட்டால் கருணை என்றார்கள். விளைவு, பள்ளியின் சராசரியில் அவர்கள் இல்லை. அவர்கள் படித்தார்களா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை.

2002 ஜனவரி 8 அன்று ஒஹையோ மாநிலத்தின் ஹாமில்டனில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட ‘எந்தப் பிள்ளையும் பின்தங்கலாகாது’ சட்டம் இதை மாற்றியது. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும், உயர்நிலையில் ஒருமுறை, வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு. மொத்தச் சராசரியைக் காட்டி ஒரு பள்ளி தப்ப முடியாது. ஏழைப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள், மாற்றுத்திறன் பிள்ளைகள், ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் என்று ஒவ்வொரு உட்குழுவின் முடிவையும் தனித்தனியாக வெளியிட வேண்டும். ஒரு குழு இலக்கைத் தொடாவிட்டாலும் பள்ளி தவறியது. ஒவ்வொரு குழுவிலும் நூற்றுக்கு 95 பேர் தேர்வு எழுதியாக வேண்டும். இதோடு மாவட்டங்கள் இன்னொரு கணக்கும் தர வேண்டும்: ஆண்டுக்கு எத்தனை பேர் ஆங்கிலத்தில் முன்னேறினார்கள், எத்தனை பேர் முழுத் தேர்ச்சி அடைந்தார்கள். இதற்கென்று தனி ஆங்கிலத் திறன் தேர்வு ஆண்டுதோறும் நடந்தது. 1968 முதல் இருந்த இருமொழிக் கல்விச் சட்டம் இதோடு மறைந்தது. பிள்ளையின் தாய்மொழியைப் பேணுவதற்கு மத்திய அரசு தந்துவந்த கொஞ்சநஞ்ச ஊக்கமும் அதோடு போயிற்று. அது பெரிய இழப்பு.

ஆனாலும் இந்தச் சட்டத்தை முழுவதுமாகப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. அதுவரை கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பற்றித் தலைமையாசிரியர்கள் கேட்க ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான். கேட்டது பயத்தால்தான். பயத்தாலாவது கேட்டார்களே.

பழுது கணக்கின் அமைப்பிலேயே இருந்தது. ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் நன்றாகக் கற்பித்து, ஆண்டு முடிவில் 10 பேர் ஆங்கிலத்தில் தேறுகிறார்கள். தேறியவர்கள் இனி ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் அல்ல. குழுவிலிருந்து வெளியே போய்விடுவார்கள். அடுத்த ஆண்டு புதிதாக 10 பேர் ஒரு சொல்லும் தெரியாமல் வந்து சேர்கிறார்கள். குழுவின் மதிப்பெண் ஏறவே இல்லை, இறங்கியும் இருக்கலாம். வென்ற பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு மீதிப் பேரைப் பார்த்து ஏன் வெல்லவில்லை என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? சட்டமோ 2014-க்குள் எல்லாக் குழுவும் நூற்றுக்கு நூறு தேற வேண்டும் என்றது. இந்தக் குழுவால் அது கணக்கின்படியே ஆகாத காரியம். அரசு பிறகு இறங்கிவந்து, வெளியே போன பிள்ளைகளையும் இரண்டு ஆண்டு குழுவோடு சேர்த்து எண்ணலாம் என்றது. அப்போதுதான் நாட்டுக்கு வந்த பிள்ளைக்கு ஒரு தடவை வாசிப்புத் தேர்விலிருந்து விலக்கும் தந்தது.

பிளாக்மனின் கேள்வி இங்கேயும் வந்து நின்றது. ஒரு குழுவில் குறைந்தது எத்தனை பேர் இருந்தால் அதைத் தனியாக எண்ணுவது? அந்த எண்ணை மாநிலமே முடிவு செய்யலாம். கலிபோர்னியா 100 என்று வைத்தது. பள்ளியின் மொத்தத்தில் நூற்றுக்கு 15 பேராக இருந்தால் 50 போதும் என்றது. 45 பேர் இருக்கும் பள்ளியில் அந்தப் பிள்ளைகள் குழுவாகவே எண்ணப்படவில்லை. 2012 முதல் அரசு மாநிலங்களுக்குச் சட்டத்திலிருந்து விலக்குத் தந்தபோது சில மாநிலங்கள் எல்லா உட்குழுக்களையும் ஒன்றாகக் கலந்து ஒரு பெருங்குழு ஆக்கின. அதற்குள் ஆங்கிலம் கற்கும் பிள்ளை எங்கே என்று தேடவும் முடியவில்லை.

2010-இல் லோரி ஓல்சன் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பள்ளத்தைக் காட்டியது. கலிபோர்னியாவின் 40 மாவட்டங்களில் நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளாகப் பதிவானவர்களில் 59 விழுக்காட்டினர் புதிதாக வந்தவர்கள் அல்லர். ஆறு ஆண்டுக்கும் மேலாக அமெரிக்கப் பள்ளியில் இருப்பவர்கள். பலர் அங்கேயே பிறந்தவர்கள். பேச்சு ஆங்கிலம் சரளமாக வரும். பாடப்புத்தக ஆங்கிலம் பிடிபடாது. ஆண்டுதோறும் தேர்வு வைத்துக்கொண்டே இவர்களைத் தவறவிட்டிருந்தார்கள். ஒரு பிள்ளை எத்தனை ஆண்டாக அதே படியில் நிற்கிறது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

2015 டிசம்பரில் ஒபாமா கையெழுத்திட்ட ‘ஒவ்வொரு மாணவரும் வெல்லும்’ சட்டத்தில் இந்தப் பாடங்களில் சில ஏறின. ஆங்கிலத் திறனில் முன்னேற்றம் மாவட்டத்தின் தனிக் கணக்காக இருந்தது போய், பள்ளியின் முதன்மைக் கணக்குக்குள் வந்தது. தேறியவர்களை நான்கு ஆண்டு வரை குழுவோடு சேர்த்துக் காட்டலாம். ஐந்து ஆண்டாகியும் தேறாதவர்கள் எத்தனை பேர் என்று மாவட்டங்கள் அறிக்கை தர வேண்டும். பிள்ளை சேர்ந்த 30 நாளுக்குள் அடையாளம் காண வேண்டும். சேர்ப்பதற்கும் விடுவிப்பதற்கும் மாநிலம் முழுக்க ஒரே விதி. இன்று நியூஜெர்சியில் குடியேறும் தமிழ்க் குடும்பம் பள்ளிச் சேர்க்கையின்போது நிரப்பும் வீட்டு மொழிப் படிவம் இந்த ஏற்பாட்டின் முதல் தாள். அதில் ‘தமிழ்’ என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலச் சோதனை வைப்பார்கள் என்று பயந்து ‘ஆங்கிலம்’ என்று எழுதிவிடும் பெற்றோர் உண்டு. அப்படி எழுதிவிட்டால், பிள்ளைக்கு உண்மையிலேயே உதவி தேவைப்படும்போது பள்ளியிடம் பதில் கேட்கும் முதல் ஆதாரமே கையில் இல்லாமல் போய்விடும்.

குறைந்தபட்ச எண் இந்தச் சட்டத்திலும் மாநிலங்களின் கையில்தான். 30-க்கு மேல் வைத்தால் காரணம் சொல்ல வேண்டும் என்று ஒபாமா அரசு எழுதிய விதியை நாடாளுமன்றம் 2017-இல் நீக்கிவிட்டது. பள்ளிகளின் கடமைகளை விளக்கி நீதித் துறையும் கல்வித் துறையும் 2015 ஜனவரியில் சேர்ந்து அனுப்பிய கடிதத்தை 2025-இல் டிரம்ப் அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. 1974-இன் சட்டப் பிரிவும், காஸ்தன்யேடாவின் மூன்று கேள்விகளும் அப்படியே இருக்கின்றன.

நாட்டில் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் இப்போது சுமார் 50 லட்சம் பேர். பொதுப்பள்ளியில் பத்தில் ஒருவர். அவர்களில் பலர் சிறிய ஊர்ப் பள்ளிகளில் நான்கு பேர், ஏழு பேர் என்று சிதறி இருக்கிறார்கள். மாநிலத்தின் அறிக்கையில் அவர்கள் பள்ளிக்கு எதிரே அந்தப் பிள்ளைகளுக்கான கட்டம் காலியாக இருக்கும். அந்தப் பிள்ளைக்காகக் கேட்க வேண்டுமென்றால் பெற்றோர் புகார் கொடுக்க வேண்டும், அல்லது நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அரிசோனாவில், மெக்சிக்க எல்லையோரத்து நொகாலஸ் ஊரில் சில பெற்றோர் 1992-இல் அப்படி நீதிமன்றம் போனார்கள். பள்ளிக்கு மாநிலம் தரும் பணம் போதாது என்பது அவர்கள் புகார். கீழ் நீதிமன்றம் அரசுக்கு நாளுக்கு 5 லட்சம் டாலர் அபராதம் விதிக்கும் அளவுக்கு அந்த வழக்கு முற்றி, 2009-இல் உச்ச நீதிமன்றம் போய்ச் சேர்ந்தது. அதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.